அடுப்பு எரிஞ்சுதா?

"அடுப்பு எரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே அவன் படகிலிருந்து இறங்கினான்.

கரையில் நின்ற பெண்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள். என் மகள் ராஜாத்திதான் முதலில் சிரித்தாள். வந்தவனுக்கு நாற்பதுக்குள் இருக்கும். அதற்குள் முதுகு கூனிவிட்டது. தலையில் கோட்டையில் இருக்கிற எவனோ உலாந்தா வெள்ளைக்காரன் போட்டுக் கழித்த தொப்பி. அப்படிப்பட்ட ஒருவன் வந்து நின்று பொம்பளைகளிடம் அடுப்பை விசாரித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

எனக்கு வரவில்லை.

கூட வந்த கோட்டைச் சேவகன் தாமோதரன் விஷயத்தைச் சொன்னான். பஞ்ச வருஷத்தில் பெற்றவர்கள் உலாந்தாக்காரனுக்கு விற்க, கப்பலேறிக் கடல் தாண்டிப் பத்தாவிக்குப் போன பிள்ளைகளில் இவன் ஒருவன். முப்பது வருஷம் கழித்து ஒரு துரைக்குச் சமையல்காரனாக வந்திருக்கிறான். துரை மனசு இளகி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொன்னால் போதும், இங்கேயே விட்டுவிடலாம். இல்லாவிட்டால் சாயங்காலம் திரும்பக் கப்பலேற வேண்டியதுதான். ஏரியைச் சுற்றி எல்லா ஊரும் கேட்டாயிற்று. ஏரி நடுவே எங்கள் தீவு பசியாவரம்தான் மிச்சம்.

அடையாளம் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. போகும்போது ஆறு வயசு. அந்த வயசில் அம்மா பெயர் அம்மா, நைனா பெயர் நைனா. வீட்டில் தன்னைச் சின்னான் என்பார்கள் என்றான். எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சின்னான் மேல்தான் விழ வேண்டும்.

மற்றபடி அவனிடம் பேச்சு மட்டும்தான் இருந்தது. உப்பில் போட்ட கருவாடு மாதிரி அந்த ஆறு வயசுப் பேச்சு கெடாமல் அப்படியே இருந்தது. கோட்டைக்காரர்களைப் பறங்கி என்றான். இப்போது யார் அப்படிச் சொல்கிறார்கள்? கரையில் குவித்திருந்த இறாலில் பெரிதாக ஒன்றைப் பார்த்து, "ராயர் வூட்டு எறா" என்றான். ராயர் ஆட்சி போய்க் கோல்கொண்டாக்காரர் வந்தே முப்பது வருஷம் ஆகிறது. ராயர் யார் என்றே இந்தப் பெண்டுகளுக்குத் தெரியாது. ராஜாத்தி அதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்ட, மறுபடி சிரிப்பு.

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

இந்தத் தீவில் பஞ்சத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்களைப் பின்னால் வந்த அம்மை வாரிக்கொண்டு போய்விட்டது. பஞ்சத்தில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. எதிரே வருகிறவர்களிடம் அடுப்பு எரிந்ததா என்றுதான் கேட்போம். எந்த வீட்டிலும் எரிந்திருக்காது. இருந்தாலும் நாளைக்கு எரியும் என்று பதில் சொல்லிவிட வேண்டும். பதில் வராவிட்டால் அந்த வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மழை பெய்த பிறகு அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. உன் பிள்ளை எங்கே என்றும் கேட்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டது என்று எல்லாருமே சொல்லிக்கொண்டோம்.

தாமோதரன் அவனிடம் என்னைக் கைகாட்டி, வயசான அம்மா, கேட்டுப் பார் என்றான்.

தண்ணீருக்குள் இறால் தடவ இரண்டு கையும் வேண்டும். அதனால் பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் நாங்கள் சேற்றில் நகர்வோம். வாயில் கயிறு இருக்கிறவளை யாரும் பேசச் சொல்வதில்லை.

அவன் என் எதிரே வந்து குந்தியபோது என் வாயில் கயிறு இருந்தது.

அதே கேள்வியை என்னிடமும் கேட்டான், இந்தத் தடவை மெதுவாக. கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பதில் சொல்லிவிட்டால், அடுத்து ஏன் என்று ஒரு கேள்வி வரும். அதற்குத்தான் பயந்தேன். கயிற்றை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டு, தெரியாது என்று தலையாட்டினேன்.

அவன் தொப்பியை எடுத்துவிட்டு என்னைக் கும்பிட்டான். எழுந்து படகுக்குப் போனான்.

படகைத் தள்ளும்போது ராஜாத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவனைப் போலவே இழுத்து, "அடுப்பு எரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அவன் சட்டென்று திரும்பினான். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நாளைக்கு எரியும்," என்றான், சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக.

பெண்டுகள் கைதட்டிச் சிரித்தார்கள். படகு கோட்டைப் பக்கம் திரும்பியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே ராஜாத்தி என்னிடம் வந்தாள்.

"எறாவ அப்பவே கொட்டியாச்சே. காலிப் பறிய இன்னாத்துக்கும்மா இன்னும் கவ்விக்கினு கீற?"

பஞ்சத்தில் இவள் கைக்குழந்தை. என் மாரில் ஒரு சொட்டுப் பால் இல்லை. கோட்டைப் படகில் சின்னானைத் தூக்கி உட்கார வைத்தபோது, நாளைக்கு எரியும் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அன்றைக்கே எரிந்தது. இவளுக்குப் பால் கிடைத்தது.