ஐந்நூறாவது மணி

கணவன் இறந்த துக்கத்தில் எட்டு மாதமாகப் பல்கலைக்கழக மனநல மையத்துக்கு வந்து, வாராவாரம் அழுத லோர்னா ப்ரூயிட் இன்று அழவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.

எதிரே அவளுக்கு ஆலோசனை தரும் உளவியல் முனைவர் பட்ட மாணவன் ட்ரென்ட், வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

"இன்னியோட எனக்கு ஐந்நூறு மணி நேர கவுன்சிலிங் பயிற்சி முடியுது, மிசஸ் ப்ரூயிட். ஆள் எதிர்ல உட்கார்ந்தாத்தான் கணக்கு. பரீட்சை பாஸ். ஆராய்ச்சிக் கட்டுரையும் பாஸ். பொய்யா அழறவங்களைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு எழுதினேன். இன்னும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி, அப்புறம் நான் டாக்டர்!"

"சந்தோஷம். அப்ப நான் கிளம்பலாமா?"

"தாராளமா. அதான் உங்களைக் குணப்படுத்திட்டேனே!"

"கிழிச்சே!" லோர்னா கோட்டை மாட்டினாள். "எனக்கு மூணு மாசத்துக்கு முந்தியே சரியாப் போச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் அன்னிக்கு வந்தேன். 'இந்தம்மாவும் நின்னுட்டா என் பட்டம் அம்பேல்'னு வராந்தாவுல போன்ல புலம்பிட்டிருந்தே. பாவமா இருந்துது."

ட்ரென்ட் விழித்தான். "அப்ப... மூணு மாசமா அழுதீங்களே?"

லோர்னா கதவைத் திறந்தாள்.

"அந்தக் கட்டுரையை ஒருக்கா எடுத்துப் படிங்க, டாக்டர்."