மெசின் பார்க்க வந்தவர்

“மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டே வந்திட்டியள். நல்லது தங்கச்சி, எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை” என்றார் வீரபாகு.

வேலிப் படலையடியில் குனிந்திருந்த தயாளினி நிமிர்ந்தாள். ஒழுங்கை முழுக்கச் சேறு. பெரிய தெருவிலிருந்து நடந்து வந்ததில் அவளுடைய செருப்பு இரண்டும் களிமண்ணாகியிருந்தன. அவளுக்கு முன்னால் வளவுக்குள் வந்துவிட்ட ஒல்லி மனிதர், வாய் நிறைய வெற்றிலையோடு தலையை மட்டும் ஆட்டினார். சட்டைக் கையில் எண்ணெய்க் கறை.

தயாளினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீரபாகு விடவில்லை. இருவரையும் மாமரத்தடிக்குக் கூட்டிப்போய் மெசினை ஒருமுறை சுற்றிக் காட்டினார். ஐம்பது வயது தாண்டிய டீசல் உழவு இயந்திரம். போன கிழமை அடித்த சிவப்புப் பெயின்ற் மினுங்கியது.

“வட்டக்கச்சியில இது இறங்காத வயல் இல்லை. பன்னிரண்டு இலட்சம்.”

“என்னால ஒன்பதுதான் ஏலும் அண்ணை.”

“ஒன்பதுக்கு இதின்ர ரயரைக் கழட்டித் தரலாம்.”

தயாளினி சிரிக்கவில்லை. “ஸ்கந்தபுரத்தில எனக்கு ஆறு ஏக்கர் இருக்கு. கூலி மெசின் எங்கட வயலுக்கு எப்பவும் கடைசியாத்தான் வரும். போன காலபோகம் நெல் விதைக்கப் பிந்தி அரைவாசி பதராப் போச்சு. இந்த முறையும் அப்பிடியெண்டால் வயலைக் குத்தகைக்கு விடுறதுதான்.”

வீரபாகுவின் காதில் அது விழவில்லை. அவருடைய கண் அந்த மனிதரில் இருந்தது. அந்த மனிதர் தன் சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பைகளைத் தடவினார். ஒன்றையும் வெளியே எடுக்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெசினை மறுபடி சுற்றத் தொடங்கினார். கருவி இல்லாமலே பார்க்கிற ஆள் போலிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள்தான் பொல்லாதவர்கள். போகிற இடமெல்லாம் ஒரு வார்த்தை விட்டால், பரந்தன் வரைக்கும் மெசின் திருத்துகிற கராச்சுகளில் கதை பரவிவிடும். பிறகு ஒரு பழைய சைக்கிளைக்கூட விற்க முடியாது.

அந்த மனிதர் போனட்டில் கையை ஊன்றி, மறுபக்கம் எட்டிப் பார்த்தார். கை அங்கேயே இருந்தது.

வீரபாகு முந்திக்கொண்டார். “ஓம், சூடாத்தான் இருக்கும். விடிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினனான். இரவு முழுக்க நிண்டால் ஆள் வைச்சுத் தள்ளித்தான் எழுப்பவேணும். அதை நானே சொல்லத்தான் இருந்தனான்.”

கைப்பையைத் திறந்துகொண்டிருந்த தயாளினியின் கை நின்றது. வீரபாகுவைப் பார்த்தாள். அந்த மனிதரைப் பார்த்தாள். பையை மெதுவாக மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“தள்ளித்தானோ?” என்றாள்.

“சின்ன விசயம்.”

அந்த மனிதர் இப்போது முழங்காலை மடித்து மெசினுக்குக் கீழே பார்த்தார். எஞ்சினுக்கு நேர் கீழே புது மணல் பரவியிருந்தது. செருப்பு நுனியால் அதை மெல்லக் கிளறினார். கறுப்பு ஈரம் தெரிந்தது.

“எண்ணெய் கொஞ்சம் சொட்டும்” என்றார் வீரபாகு அவசரமாக. “மணலைப் போட்டது என்ர மனிசி.”

“நானோ?” என்று குசினி வாசலில் இருந்து ஞானேஸ்வரி கேட்டாள். “ராத்திரி வாளியோட திரிஞ்சது ஆர்?”

“நீ உள்ள போ.”

அந்த மனிதர் பின்பக்கம் போனார். இருக்கையில் கிடந்த சாக்கைத் தூக்கி உதறினார். கலப்பையைத் தாங்குகிற இரண்டு இரும்புக் கைகளுக்கும் நடுவில் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

“அதையும் கண்டிட்டாரோ” என்று வீரபாகு முனகினார். “தூக்கின கலப்பை தெருவில போகேக்கை தானா இறங்கும். சங்கிலி போட்டுக் கட்டினால் நிக்கும். சரி தங்கச்சி, பத்து.”

தயாளினி அந்த மனிதர் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அந்த மனிதர் நிமிர்ந்து, நீண்ட பெருமூச்சு விட்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

“ஒன்பதரை. அவரை ஒருக்கா கேளுங்கோ.”

“அவர் இன்னும் பாத்து முடிக்கேல்லை அண்ணை.”

“பாத்தது காணும். ஒன்பது. இதோட அவரை நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

“எஞ்சின் எப்பிடி?”

“எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. என்ர பிள்ளையளில சத்தியம்.”

வீரபாகு ஏறி ஸ்டார்ட் பண்ணினார். மெசின் ஒரே பிடியில் எழும்பி, மாமரத்து இலைகள் அதிரச் சீராக இரைந்தது. தயாளினி புகைக்குழாயடியில் நின்று புகையைப் பார்த்தாள், சத்தத்தைக் கேட்டாள். மெசினின் பதிவுப் புத்தகத்தில் இருந்த நம்பரையும் எஞ்சினில் வெட்டியிருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு முற்பணத்தை எண்ணிக் கொடுத்து, கடதாசித் துண்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

மெசின் ஓய்ந்ததும் வீரபாகு அந்த மனிதரிடம் போனார். தோற்ற இடத்திலும் ஆளை மதிக்கத் தெரிந்தவர் அவர்.

“அண்ணை, ஒரு வார்த்தை கேக்காமல் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டியள். எந்தக் கராச்?”

அந்த மனிதர் வேலியோரம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“கராச்சோ? நான் ஆட்டோ ஓடுறனான். அங்க தெருவில நிக்குது. நாய் நிக்குமெண்டு இந்த அம்மா துணைக்குக் கூப்பிட்டவா. வந்த இடத்தில ஆட்டோத் திறப்பை எங்கையோ விழுத்திப்போட்டன், அரை மணித்தியாலமாத் தேடுறன்.”

தயாளினி கைப்பையைத் திறந்து ஆட்டோச் சாவியை எடுத்து நீட்டினாள். “இந்தாங்கோ மாயாண்டியண்ணை, வரேக்கையே படலையடியில கிடந்தது. தேடினதுக்கும் சேத்து நான் காசு தாறன்.”