யாளிக் கெண்டி

சிங்க மூஞ்சி, யானைத் துதிக்கை, வயிறு முட்டத் தண்ணீர். குடிக்கலாம், ஆனால் உதடு படாது. அது என்ன? செத்த நேரம் யோசியுங்கள்.

விடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயசித்ராவின் கடைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. நாயக்கர் காலத்துக் கோயில் தூண்களில் முறைத்துக்கொண்டு நிற்குமே யாளி, அதைத்தான் தொப்பையும் முட்டைக் கண்ணுமாகப் பீங்கான் கெண்டி ஆக்கியிருந்தாள். சுருட்டிய வால்தான் கைப்பிடி.

ராஜபாளையத்து நூல் வியாபாரி நவநீதகிருஷ்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கூடவே ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வல்லி.

“ஏம்மா, கோயில் தூண்ல நிக்கிறதைக் கேலிப் பொம்மையாக்கி, வாய் வச்சுக் குடிக்க விட்டுட்டியே. எச்சில் படலாமா?”

“வாயே வைக்க வேண்டாம் அண்ணாச்சி.”

ஜெயசித்ரா அண்ணாந்து கெண்டியைச் சாய்த்தாள். துதிக்கை வழியாகத் தண்ணீர் நூல்போல இறங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அது லேசில் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் சூளையில் துதிக்கைதான் முதலில் வெடிக்கும். “பேசாம மில் வேலைக்கே திரும்பிப் போயேன்” என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். விட்டேனா பார் என்று நின்று செய்தாள்.

நவநீதகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. “சுத்தபத்தமா இருக்கே. புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வாரவுக அம்புட்டுப் பேருக்கும் இதையே குடுத்துருதேன்.”

ஜெயசித்ராவுக்கு மூச்சு வந்தது. இந்த ஓர் ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் மில்தான்.

“எல்லாம் பச்சைக் கலர்ல போடு. கொஞ்சம் மட்டும் செவப்பு.”

“செவப்பு யாருக்கு அண்ணாச்சி?”

“தோட்டத்துலயும் வீட்டுலயும் வேலை பாக்குற ஆளுகளுக்கு. விருந்தாளிக கெண்டியோட மாறிப் போயிரக் கூடாதுல்ல.”

“உதடே படாதே. மாறினா என்ன?”

“படாட்டாலும்.”

ஜெயசித்ரா கெண்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“எல்லாருக்கும் ஒரே கலர்னா செஞ்சு தாரேன். பிரிச்சுச் செய்ய மாட்டேன்.”

“யோசிச்சுப் பேசும்மா. பெரிய ஆர்டர்.”

“யோசிச்சுத்தான் சொல்லுதேன்.”

“அப்ப எனக்கு வேண்டாம்.” வாசல் பக்கம் திரும்பியவர், வெறுங்கையோடு போக மனமில்லாமல் மகளைக் கூப்பிட்டார். “ஏட்டி வல்லி, உனக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக்கோ. வெரசா.”

பலகையில் பச்சையும் இருந்தது, மாதிரிக்குச் செய்த சிவப்பும் இருந்தது. வல்லி இரண்டையும் பார்த்தாள்.

“அப்பா, இருளம்மாக்காவுக்கு எது?”

இருளம்மாள் அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். வல்லிக்குத் தினமும் தலை பின்னி விடுகிறவளும் அவள்தான்.

“செவப்பு.”

வல்லி தனக்கும் சிவப்பையே எடுத்துக்கொண்டாள்.