ருஃபினோ பார்த்த சிங்கப்பூர்

"கப்பல்ல போறதே மூணு ராத்திரி. அதுக்கு முன்னாடி நாலு நாள் சிங்கப்பூர்ல உக்காந்து என்ன பண்ணப் போறோம்? கப்பல் கிளம்புற அன்னைக்குப் போய் இறங்கினா போதாதா?"

ருஃபினோ காப்பிக் கோப்பையை டொக்கென்று வைத்தார்.

மனைவி கோரிங் அசரவில்லை. கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"போதாது. எனக்கு ஊர் பார்க்கணும்."

"எல்லாத்தையும்தான் நான் பார்த்துட்டு வந்து சொல்லியிருக்கேனே!"

"நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி ஆயிடுமா? நீ சாப்பிட்டா என் வயிறு நிறையுமாய்யா?"

கைபேசித் திரையில் மகள் லைலின் விழுந்து விழுந்து சிரித்தாள். துபாயில் நர்ஸ். அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"அம்மா ஆசைப்படறாங்க, விடுங்கப்பா. ஹோட்டலுக்கும் நானே சொல்லிடறேன்."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டார் ருஃபினோ.

அவர்களுடைய பிலிப்பைன்ஸ் ஊரான இலோயிலோவில் தெருவுக்குப் பத்துக் கப்பல்காரர்கள் உண்டு. ஆனாலும் ருஃபினோவின் மவுசே தனி. பச்சோய்க் கடையில் அவர் வாயைத் திறந்தால், மற்றவர்கள் கிண்ணத்தில் நூடுல்ஸ் ஆறிப்போகும்.

"சிங்கப்பூர்ல ஒரு கல் சிங்கம் இருக்கு. உடம்பு மீன். பகல் பூரா வாயால தண்ணி கொட்டும். பொழுது சாஞ்சு மணி அடிச்சதும், டப்புனு வாயை மூடிக்கும்!"

எல்லாரும் "ஆ!" என்பார்கள். அந்த "ஆ"வில்தான் மனுஷன் உயிர் வாழ்கிறார்.

உண்மை வேறே. வேலை பார்த்த முப்பது வருஷமும் சரக்குக் கப்பலின் அடித்தட்டில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர் அவர். கப்பல் கரையில் நின்றால்தான் எஞ்சினைக் கழற்றித் துடைக்க முடியும். மற்றவர்கள் தலை சீவி, சென்ட் அடித்து ஊர் பார்க்க இறங்கும்போது, ருஃபினோ துணிக்கந்தையோடு கீழே இறங்குவார். சிங்கப்பூருக்கு எத்தனையோ தடவை போனவர், துறைமுகச் சுவரைத் தாண்டியதே இல்லை.

சிங்கத்தைப் பார்த்தவன் கப்பல் சமையல்காரன். மணி அடித்ததும் வாயை மூடுவது இவருடைய சொந்தச் சரக்கு.

கோரிங்குக்கு வாங்கிப் போகும் சாமான்கூடக் கப்பலுக்குள்ளேயே இருந்த கடையில் வாங்கிய வாசனை சோப்புதான்.

இப்போது அவளோடு போய் இறங்கினால், முதல் தெருமுனையிலேயே குட்டு உடைந்துவிடாதா?

"சிங்கப்பூர்ல வெயில் மண்டையைப் பிளக்கும், கோரிங்."

"இங்க மட்டும் பனியா கொட்டுது?"

"ஒரே கூட்டம். தொலைஞ்சு போயிடுவே."

"உன் சட்டையைப் பிடிச்சுக்கறேன்."

"என் முழங்கால்..."

"போன வாரம் ஃபியஸ்டா திருவிழாவுல ஆடினது யார் முழங்கால்?"

பக்கத்து வீட்டு பெர்டிங் வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினான்.

"அண்ணியோட அதிர்ஷ்டம் யாருக்கு வரும்? அண்ணன் இருக்கும்போது வழிகாட்டி எதுக்கு? கண்ணைக் கட்டி விட்டாலே ஊரைச் சுத்திக் காட்டுவாரு!"

ருஃபினோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தார்.

சிங்கப்பூரில் முதல் நாளே தப்பான ரயிலில் ஏற்றினார்.

"நான் வந்தப்ப இந்தப் பக்கம்தான் போகும். மாத்திட்டானுங்க."

"மாத்தியிருப்பாங்க, மாத்தியிருப்பாங்க," என்றாள் கோரிங்.

மறுநாள் பூந்தோட்டத்துக்கு என்று மூச்சிரைக்க நடத்திக் கூட்டிப் போனார். வந்து சேர்ந்தது கார் நிறுத்தும் இடம்.

"அடேயப்பா, கார் நிறுத்துற இடத்தையே எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க!"

அப்பாடா, நம்பிவிட்டாள். பாவம், வெகுளி.

மூன்றாம் நாள் சாயங்காலம் சிங்கத்தின் முன்னால் நின்றார்கள். சூரியன் விழுந்தது. விளக்குகள் எரிந்தன. அந்தப் பாழாய்ப்போன சிங்கமோ வாயை மூடுவேனா என்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. ருஃபினோவுக்கு வேர்த்துவிட்டது.

"என்னய்யா, இன்னும் மணி அடிக்கலையா?"

"அது வந்து... ரூலை மாத்திட்டானுங்க போல."

"இருக்கும்."

தண்ணீரில் நகரமே தலைகீழாக மினுங்கியது. ருஃபினோ பயத்தை மறந்தார், கதையையும் மறந்தார். வாயைப் பிளந்துகொண்டு, திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு அழகான ஊர்! இத்தனை வருஷமும் அந்தத் துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் இதுவா இருந்தது!

அவர் சிங்கத்தைப் பார்க்க, கோரிங் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, விடுமுறைக்கு வெளியே வந்திருந்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கைபேசியை நீட்டினாள்.

"ஒரு போட்டோ எடும்மா. சிங்கமும் தெரியணும். நல்லா எடு, எங்க ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் தடவை."

ருஃபினோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கோ... கோரிங்!"

"எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சோப்பைத்தானேய்யா கொண்டு வந்தே?" அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உன்னைக் கப்பலை விட்டு இறக்கி நாலு நாள் ஊர் காட்டணும்னு எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா?"

"ஊர்ல கேட்டா என்ன சொல்றது?" என்றார் அவர்.

"கவலைப்படாதே. சிங்கத்துக்கு ரூலை மாத்திட்டாங்கன்னு பச்சோய்க் கடையில நானும் சாட்சி சொல்றேன். இப்ப சிரி, அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் நிப்பா?"