ஒரு பலம் வேப்பம்பூ

"அமுக்காதீங்கப்பா. பூ என்ன அரிசியா? அமுக்க அமுக்க உள்ள போயிக்கிட்டே இருக்கும்."

குஞ்சம்மா சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் விடியலில் நூற்றிருபது ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிற கங்காணிக்குப் பதினேழு வயதுப் பெண் அளவு சொல்லித் தருவதா?

சித்திரை முதல் நாள். மலாக்கா டவுனில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் சிவசாமி, மகனோடும் உறவோடும் எங்கள் மெர்லிமாவ் தோட்டத்துக்குப் பெண் பார்க்க வருகிறார். மூன்று வரன்கள் தட்டிப்போன பிறகு அமைந்த இடம். குஞ்சம்மாவுக்கும் பிடித்திருப்பதாக என் மனைவி சுப்பம்மா சொன்னாள்.

சிவசாமி முன்கூட்டியே ஒரு பெரிய பொட்டலம் காய்ந்த வேப்பம்பூவும் ஒரு சீட்டும் அனுப்பியிருந்தார். 'இருபது பேர் ரசத்துக்குப் பூ ஒரு பலம். பெண்ணே வைக்கட்டும்.'

கடைக்காரப் புத்தி. இவர்கள் பிள்ளையைக் கொஞ்சுவதற்கு முன்னாலும் நிறுத்துப் பார்ப்பார்கள் போலும்.

எங்கள் வீட்டில் தராசு கிடையாது. ஆழாக்குதான். ஒரு பலம் பூவை லேசாக அள்ளிப் போட்டால் இரண்டு ஆழாக்கு வரும் என்றாள் குஞ்சம்மா. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தாளாம்.

கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் விருந்தாளிக்கு அளக்கும்போது எங்கள் பரம்பரையில் யாரும் தலை தட்டி அளந்ததில்லை. அமுக்கி, கோபுரமாகக் குவித்துத்தான் வழக்கம்.

அவள் கையிலிருந்த ஆழாக்கை வாங்கினேன்.

பூவைப் போட்டு உள்ளங்கையால் அமுக்கினேன். இறங்கியது. மறுபடி போட்டேன். மறுபடி இறங்கியது. இரண்டாவது ஆழாக்கு குவிந்தபோது சிவசாமியின் பொட்டலம் காலி.

ரசம் கொதித்து இறங்கியதும் சுப்பம்மா கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். அதட்டினேன். சாமிக்குப் படைக்காமல் ருசி பார்ப்பதா?

படைத்து முடிக்கவும் அவர்கள் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. நேரே பந்திதான்.

ரசம் வந்தது. சிவசாமி ஒரு வாய் உறிஞ்சினார். கண் கலங்கியது. நல்ல சாப்பாடு கண்டிராத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைப் பையன் மூன்று குவளை தண்ணீர் குடித்தான். டவுன் நாக்கு.

பிறகு நானும் ஒரு வாய் வைத்தேன்.

காய்ச்சல் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வாயில் ஊற்றும் கொய்னா மருந்து இதைவிட இனிப்பு.

விழுங்கினேன். முதுகு வளையாமல் உட்கார்ந்து, இன்னொரு கரண்டி கேட்டேன்.

சிவசாமி மெதுவாகக் கேட்டார். "ரசத்துக்குப் பூ அளந்தது யாருங்க கங்காணி?"

பரிமாறிக்கொண்டிருந்த சுப்பம்மா என்னைப் பார்த்தாள். குஞ்சம்மா தரையைப் பார்த்தாள். பந்தியில் இருபது பேர். பாதிப் பேர் என்னிடம் வேலை செய்கிறவர்கள்.

"என் மகதாங்க. எல்லாம் அவ கையிதான்."

சிவசாமி இலையை விட்டு எழுந்தார்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. பையன் சரக்கு வாங்க ஊரு ஊரா போறவன். கடையில மருந்து அளக்க ஒரு நிதானமான கை வேணும்னுதான் சீட்டு அனுப்பினேன். சீர் வேணாம், நகை வேணாம்னு சொல்ல வந்தேன். என்ன செய்ய? அங்க அளவு தப்புனா ஆளு போயிருவான்லா."

வெற்றிலைத் தட்டைத் தொடாமல் போனார்கள்.

குஞ்சம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வளர்ப்பு அப்படி.

கங்காணி மகளுக்கு அளவு தெரியாது என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். கங்காணியைப் பற்றி யாரும் ஒரு சொல் தவறாகச் சொல்லவில்லை.