ஏழாவது பொத்தான்

“இன்னும் என்ன வேணும்? கூச்சப்படாம கேளு,” என்றது மூடி கழற்றப்பட்ட சாம்பல் நிறச் சாம்ப்ளர். ஒலிகளைப் பதிந்து, பொத்தானைத் தட்டினால் இசைக்கும் அந்த மாதிரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பழுதான சாம்பலின் ஏழாவது பொத்தானை எடுத்து, அதன் சொந்தக்காரன் அமலன் அதே மாதிரியான கறுப்புச் சாம்ப்ளரில் பொருத்திக்கொண்டிருந்தான்.

“போன வருஷம் திரை, இப்ப பொத்தான். நீங்க இல்லேன்னா என்னையும் தூக்கிப் போட்டிருப்பான். உங்களுக்குன்னு என்னண்ணே மிச்சம்?” என்றது கறுப்பு.

“வாய்தான். அதைக் கழற்ற அவன்கிட்ட ஸ்க்ரூடிரைவர் இல்லை.”

கறுப்பு சிரித்தது. “இந்தப் பொத்தான்ல என்ன வெச்சிருந்தீங்க?”

“தகரக் கூரையில பெய்யிற மழை. நான் பழுதானதும் அதுவும் போச்சு. இன்னொரு தரம் கேட்டா போதும்.”

மறுநாள் மாலை கூரைத் தகரத்தில் மழை பிடித்தது. அமலன், கறுப்பில் செருகியிருந்த மைக்கைக் கழற்றாமல் டீ குடிக்கப் போயிருந்தான். கறுப்பு, அண்ணனுக்காக மழையை ஏழாவது பொத்தானில் பதிந்துகொண்டது.