நூல் பிரிப்போம்

அங்கன்வாடியில் ‘குழந்தையோடு நூல் பிரிப்போம்’ என்ற பேனருக்குக் கீழே, தையல்காரி மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் இருக்கும் படக்கதைப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையில் ஜன்னல் வெயில் பட்டுக் கண் கூசுவதில், அட்டையிலிருக்கும் யானைக்கு முகமே இல்லை. “உறையைப் பிரிச்சிராதீங்கம்மா, அடுத்த சென்டர்லயும் இதே புத்தகம்தான். போட்டோவுக்குச் சும்மா வாயை அசைங்க, போதும்,” என்கிறார் திட்ட அதிகாரி. சற்றுமுன், வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாத பெற்றோரை அரைமணி நேரம் கரித்துக்கொட்டிய வாய் அது. “உள்ள யானை என்னம்மா பண்ணுது?” என்று மகள் உறையைச் சுரண்டுகிறாள். “மூச்சு முட்டிக் கிடக்குதுடி.” போட்டோக்காரர் கேமராவைத் தூக்குகிறார். “நூல் பிரிக்கிறதுதான் சார் எனக்குப் பொழப்பே,” என்று சொல்லி, தையல்காரி உறையின் ஓரத்தைப் பல்லிடுக்கில் வைத்து ஒரே கடியில் கிழிக்கிறாள். நாக்கில் ஒட்டிய துணுக்கை அவள் துப்ப, அது அதிகாரியின் பளபளக்கும் ஷூ மேல் போய் உட்கார்கிறது.